வீட்ல செஞ்சது

கீழ் வீட்டு அக்கா என்னை "வா", "போ" என்று பேசினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "வாங்க", "சொல்லுங்க" என்று மரியாதை ஏறிவிட்டால் கோபமாக இருக்கிறார். குரல் ஏறாது, முகமும் மாறாது. மரியாதை மட்டும் ஏறும்.

தஞ்சாவூரில் அந்த வீட்டு மாடிக்குக் குடிபோன அன்றைக்கே எனக்கு அந்த மரியாதை கிடைத்துவிட்டது. சாமான் இறக்குகிற அவசரத்தில் நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். மேல்தொட்டி நிரம்பி வழிந்து, கைப்பிடிச் சுவரோரம் காயப்போட்டிருந்த மரத்துண்டுகள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. படியேறி வந்தவர் தானே மோட்டாரை நிறுத்தினார்.

"பாத்து செய்யுங்களேன். எல்லாம் நனைஞ்சு போச்சுங்க."

"விறகுதானேக்கா, காஞ்சிடும்" என்றேன்.

"விறகு இல்லைங்க. மீனு."

அவர் சொன்னது அப்போது விளங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பின்கட்டில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அவர் செதுக்குவதைப் பார்த்தபோது விளங்கியது. கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு சாண் நீளத்துக்குள் மீன் செய்துகொண்டிருந்தார். தூண்டிலில் புழுவுக்குப் பதிலாகக் கட்டும் பொய்மீன். தூண்டில்காரர்கள் லூர் என்பார்கள். தண்ணீருக்குள் இழுத்தால் அது நீந்தும். விரால் அதை உண்மை மீன் என்று நம்பிப் பாயும்.

அவருக்கு இந்த வேலை வந்ததும் கோபத்தால்தான். அண்ணனுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, தூண்டில் பைத்தியம். ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகாமல் வெண்ணாற்றங்கரைக்கும் வாய்க்கால் மதகுக்கும் போய்விடுவார். ஆன்லைனில் வாங்கும் பிளாஸ்டிக் மீன்களை அல்லித்தண்டிலும் ஆகாயத்தாமரையிலும் சிக்கவிட்டு அறுத்துக்கொண்டு வருவார். மறுபடி வாங்குவார். ஒருநாள் அப்படி வந்த பார்சலைப் பிரித்து, அந்த மீனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார் அக்கா.

"எனக்கு வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம். கையளவு மரக்கட்டை செய்யற வேலையை இது செய்யுது. அதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா? வேலியில கல்யாண முருங்கை நின்னுச்சு. ஒரு கிளைய ஒடிச்சு, காயவச்சு, பேனாக்கத்தியில உக்காந்து செதுக்கினேன். முதல்ல செஞ்சது தண்ணியில கவுந்து போச்சு. அதுமேலயும் கோவம். விடல."

விடவே இல்லை. எந்த இடத்தில் ஈயக்குண்டு வைத்தால் கவிழாது, பழைய சிடியை எப்படி வெட்டி உதடாகச் சொருகினால் தண்ணீரை வெட்டும் என்று செய்துசெய்து கண்டுபிடித்தார். உப்புத்தாளில் இழைத்து நகப்பாலிஷ் பூசுவார். பூண்டு வாங்கும் வலைப்பையை உடம்பில் சுற்றி மேலே வர்ணம் அடித்தால் செதில் வந்துவிடும். கண்ணுக்கு, தான் நெற்றியில் வைக்கும் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. எல்லாவற்றையும்விட அவர் கண்டிப்பாக இருந்தது கம்பி விஷயத்தில். மீனின் மூக்கிலிருந்து வால்வரை, வயிற்றைக் கீறி உள்ளே ஒரே கம்பி ஓடவேண்டும். தூண்டில் முள்ளை அந்தக் கம்பியில் மாட்டவேண்டும். மரம் நடுவே உடைந்தாலும் பிடித்த மீன் போகாது.

கோபமே வராத மனிதர்கள்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "எதுக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தா, அவனுக்கு ஒண்ணும் முக்கியமில்லைன்னு அர்த்தம்" என்பார். ஒருமுறை இருவரும் டவுன் பஸ்ஸில் போனோம். கீரை மூட்டையோடு ஏறிய ஒரு அம்மாவை, மூட்டை வழியை அடைக்கிறது என்று கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டார். அக்காவும் இறங்கினார். பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார்.

"நீங்க அடிங்க. அவங்க ஏறுற வரைக்கும் நான் இங்கதாங்க நிப்பேன்."

கண்டக்டரே இறங்கி அந்த மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தார். மீதி வழி முழுக்க அந்தக் கீரைக்கார அம்மாவிடமும் அக்காவுக்குக் கோபம். "இறங்குன்னா இறங்கிடறதாங்க? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

செய்து முடித்த மீனை முதலில் மாடித்தொட்டியில் இழுத்துப் பார்ப்பார். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு வெண்ணாற்றங்கரைக்கே தூண்டிலோடு போவார். அண்ணன் கடையில் இருக்கும் நேரமாகத்தான் பார்த்துப் போவார். நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு மதியத்தோடு வேலை முடியும் நாட்களில் நானும் கூடப் போவேன். படித்துறையில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஒருநாள், "வீட்டுக்காரருக்கு வேலையாம்மா? நீங்க தூண்டில் போட வந்துட்டீங்க?" என்று சிரித்தார்.

"அவருக்கு வேலை இருக்குங்க. உங்களுக்குத்தான் இல்லைபோல. நான் வந்ததுலேர்ந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றார் அக்கா.

அந்த ஆள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அக்கா மீனை இழுத்தபடி என்னிடம் சொன்னார்: "நேராப் போச்சுன்னா ஒரு விராலும் திரும்பிப் பாக்காது. அடிபட்ட மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு போகணும். அப்பத்தான் வந்து கடிக்கும்." அதைச் சொல்லும்போதும் அவருக்குக் கோபம்தான். விரால்மேல் என்று நினைக்கிறேன்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குடிப்பவர் இல்லை, கை நீட்டுபவர் இல்லை. தெருவில் எல்லோருக்கும் பிடித்தவர். என் கணவர் வண்டியைத் தன் கடை ஆளை வைத்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தவர். அவரைக் குறைசொன்னால் சொல்பவள்தான் கெட்டவள் ஆவாள். அப்படிப்பட்ட மனிதர்.

அவர் ஒரு யூடியூப் சேனல் ஆரம்பித்தார். மதகடியில் நின்று அக்காவின் மீனைக் கேமராவுக்கு நேரே காட்டுவார். "நண்பர்களே, இது நம்ம வீட்ல செஞ்ச லூர்" என்பார். பிறகு விரால் பிடிப்பார். அக்காவின் மீன்கள் அப்படி நீந்தின. சேனல் ஏறியது, கேட்டு வாங்குபவர்கள் பெருகினார்கள். "அண்ணா கைக்கு முத்தம்" என்று கீழே எழுதினார்கள். அண்ணன் அதற்கு ஒரு கும்பிடு போட்டுப் பதில் எழுதினார்.

முதலில் அக்கா கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி. நான் மாவு அரைத்து வாங்கிப்போகக் கீழே வந்திருந்தேன்.

"ஏங்க, வீட்ல செஞ்சதுன்னா யாரு செஞ்சது? செவுரா?"

"வீட்லன்னாலே நீதானேம்மா. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. எங்க வீட்ல, எங்க வீட்லன்னு."

"பாக்கறவங்க உங்க கைக்குல்ல முத்தம் குடுக்கறாங்க?"

அண்ணன் சிரித்தார். அவருக்கு அது நல்ல நகைச்சுவையாகப் பட்டது. அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் ஊரில் மனைவியைச் சொல்லவும் வீட்டைச் சொல்லவும் ஒரே சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் ஒரு முழு ஆளை ஒளித்துவைத்துவிட்டு, "சொல்லிட்டேனே" என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து தூண்டில் சாமான் கடைக்காரர்கள் இருவர் பார்க்க வந்தார்கள். அண்ணன் கூடத்தில் மீன்களை வரிசையாகப் பரப்பியிருந்தார். அக்காவும் நானும் டீ கொண்டுபோனோம். "இந்தக் கண்ணு ஐடியா பிரமாதம் சார், எப்படித் தோணுச்சு?" என்று ஒருவர் கேட்டார். அண்ணன், "சும்மா, யோசிச்சுக்கிட்டே இருந்தேன், தோணுச்சு" என்றார். அதே கறுப்புப் பொட்டு, அதே அளவில், அவர்களுக்கு முன்னால் குனிந்து டீ நீட்டிக்கொண்டிருந்த அக்காவின் நெற்றியில் இருந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வீட்ல பெயிண்ட் கியிண்ட் அடிச்சு உதவி பண்ணுவாங்க" என்றார் அண்ணன், பெருந்தன்மையோடு.

என் கையிலிருந்த பிஸ்கட் தட்டை அவர்கள் மடியில் கவிழ்க்கவேண்டும் போலிருந்தது. அடுப்படிக்கு வந்ததும், "ஏன்க்கா பேசாம இருந்தீங்க?" என்றேன்.

"வந்தவங்க முன்னாடி அவரைத் தலைகுனிய வைக்கக் கூடாதுன்னு வளத்திருக்காங்க என்னை. வளத்தவங்க மேலதான் கோவம் வருது."

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். காரைக்கால் பக்கத்தில் ஒரு பையன் வாங்கிய மரமீனில், பெரிய விரால் கடித்து இழுக்கும்போது முள் தனியாகப் பிய்ந்துபோனது. அவன் படம் எடுத்துப் போட்டுவிட்டான். கீழே ஆளாளுக்கு ஏச ஆரம்பித்தார்கள். அன்று மாலை அண்ணன் நேரலையில் பதில் சொன்னார். அப்போது அவர் ஆற்றங்கரையில் இருந்தார். அக்காவும் நானும் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி போனில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மன்னிச்சிருங்க நண்பர்களே. அந்த பீஸ் நான் செய்யல. என் வொய்ஃப் செஞ்சது. லேடீஸ்தானே, கொஞ்சம் கவனக்குறைவு. இனிமே நானே பாத்துக்கறேன்."

அக்காவின் கையிலிருந்த கீரைக்காம்பு அப்படியே நின்றது. அத்தனை மீன் நீந்தியபோது வராத மனைவி, ஒரு மீன் உடைந்ததும் வந்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவோ அந்தப் பையன் போட்ட படத்தை எடுத்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வால்ல ஓட்டை இருக்கு பாரு. திருகாணி பிடுங்கிட்டு வந்திருக்கு. நான் என்னைக்குத் திருகாணி போட்டேன்?"

எழுந்து மாடிப்படிக்கு அடியில் போனார். சரியாக நீந்தாத மீன்களை அங்கே ஒரு சாக்கில் போட்டு வைப்பார், வெந்நீர் அடுப்புக்கு. சாக்கு காலியாக இருந்தது.

அண்ணன் வந்ததும் அக்கா கேட்டார். அண்ணன் மறைக்கவில்லை. கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதாம். நல்ல மரம் அடுப்புக்குப் போகிறதே என்று, கடையிலேயே வைத்துச் சின்னத் திருகாணி முடுக்கி அனுப்பிவிட்டாராம்.

"அப்ப உடைஞ்சது நீங்க செஞ்சது."

"ஆமா. இப்ப என்ன அதுக்கு?"

"என்னை ஏங்க சொன்னீங்க?"

"பொம்பள செஞ்சதுன்னா யாரும் ரொம்பத் திட்ட மாட்டாங்கம்மா. விட்டுடுவாங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னது. இதைப் போய்ப் பெருசா எடுத்துக்கறியே."

இதை அவர் ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்.

மறுநாள் அக்கா காரைக்கால் பையனைப் போனில் கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லி, வேறு மீன் அனுப்புவதாகச் சொன்னார். அவன், "பரவால்லக்கா, விடுங்க" என்றான்.

"பரவால்லன்னு ஏன் தம்பி சொல்றீங்க? கைக்கு வந்த விரால் போயிருக்கு. நீங்க கோவப்படணும். நல்லாக் கோவப்படுங்க."

அடுத்த ஞாயிறு அண்ணன் கூடத்திலேயே நேரலை வைத்தார். மேசைமேல் புதிய மீன்கள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போனை ஸ்டாண்டில் மாட்டி, நண்பர்களே என்று ஆரம்பித்தபோது அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் சமாளித்து, "இவங்கதான் நம்ம வீட்ல" என்றார்.

அக்கா ஒரு கல்யாண முருங்கைக் கட்டையையும் பேனாக்கத்தியையும் அவர் முன்னால் வைத்தார்.

"இத்தனை நாள் பாத்த எல்லா மீனையும் செஞ்சது நான். போன வாரம் உடைஞ்சது ஒண்ணு, அதுதான் இவரு செஞ்சது. நான் கழிச்சுப் போட்டதுல திருகாணி முடுக்கினது. நான் பொய் சொல்றேன்னு நினைக்கறவங்க இருப்பாங்க. அதனால இவரு இப்ப ஒரு மீன் செதுக்கிக் காட்டட்டும்."

"விளையாடாதம்மா" என்றார் அண்ணன், சிரித்தபடி.

"நான் விளையாடலைங்க. கத்தி இருக்கு. செதுக்குங்க."

அண்ணன் கத்தியை எடுத்தார். கட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு முறை கீறினார். மரத்தின் ரேகைக்கு எதிராகக் கத்தி போய் ஒரு பெரிய சில்லு பெயர்ந்து விழுந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அதே சமயம் அக்கா நிறுத்திவிடக் கூடாதே என்றும் இருந்தது. அக்கா நிறுத்தவில்லை, அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன்தான் கை நீட்டிப் போனை அணைத்தார்.

அன்றிரவே அவர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டுப் படியேறியவர்கள் எல்லோரும் அக்காவிடம் சொன்னது ஒன்றுதான்: அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கோயிலின் அன்பியக் குழுப் பெண்கள் வந்தார்கள். அக்காவின் சொந்த அண்ணன் வேளாங்கண்ணியிலிருந்து வந்தார். சேனலின் கீழே, "அண்ணன் பாவம்", "குடும்ப விஷயத்தை இப்படியா பேசுவாங்க" என்று எழுதியிருந்தார்கள். முத்தம் கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். அண்ணன் ஊருக்கெல்லாம் கேட்கும்படி அக்காவைக் குறைசொன்னபோது எவருக்கும் அது குடும்ப விஷயமாகத் தெரியவில்லை. என் கணவரே, "தப்புதான், இருந்தாலும் லைவ்லயா?" என்றார். "தப்பு எங்க நடந்துச்சு? லைவ்லதானே?" என்று கேட்டுவிட்டு நான் அவரோடு சில நாள் பேசவில்லை.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சு போச்சு" என்றார் வேளாங்கண்ணி அண்ணன்.

"கேக்கறேன். அவரு ஒரு மீன் செய்யட்டும். அது நீந்தட்டும். அன்னைக்கே போய்க் கேக்கறேன்."

திமிர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தனியாக இருந்த அந்த நாட்களில் அக்கா கத்தியைத் தொடவில்லை. சமைத்தார், பூசைக்குப் போனார், ஹாஸ்டலில் படிக்கும் மகன் போன் செய்தால், "உங்கப்பாவைக் கேட்டுக்குங்க" என்றார். ஒருநாள் துணி காயப்போட வந்தவர் என்னிடம், "நான் செஞ்சது ஜாஸ்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உன்னைத் தவிர யாரும் சொல்லலையே" என்றார். அப்போதுதான் அவர் கண்ணில் நீரைப் பார்த்தேன். உடனே அதற்கும் கோபம் வந்து, ஈரத்துணியை அடித்து உதறினார்.

ஒரு சனிக்கிழமை காலை நான் கீழே அக்காவோடு இருந்தபோது அண்ணன் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. இடதுகை விரல்களில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. பையிலிருந்து ஒரு மர மீனை எடுத்து அக்காவிடம் நீட்டினார். கோணல்மாணலாக, வயிறு பருத்து, வண்ணம் திட்டுத்திட்டாக. அக்கா வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அண்ணன் கீறி, உள்ளே கம்பி ஓட்டியிருந்தார்.

மூவரும் மாடிக்குப் போனோம். அக்கா அதைத் தூண்டில் நரம்பில் கட்டித் தொட்டியில் விட்டு இழுத்தார். அது ஒருமுறை தலையை ஆட்டியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அக்கா மறுபடி இழுத்தார், வேகம் குறைத்து, வேகம் கூட்டி. செய்தது யார் என்பதை மறந்து, அது நீந்தவேண்டும் என்றே அவர் பார்ப்பதுபோலிருந்தது. நீந்தவில்லை.

"எத்தனை செஞ்சீங்க?"

"நிறைய. இதுதான் கொஞ்சம் மீன் மாதிரி வந்துச்சு."

"கோவம் வருதா?"

"வருது" என்றார் அண்ணன். "தூக்கிப் போட்டு மிதிக்கணும் போல வருது."

"இதை வேற ஒருத்தன், தான் செஞ்சதுன்னு சொல்லிக்கிட்டா?"

அண்ணன் குனிந்து அந்த மீனை எடுத்துச் சட்டையில் துடைத்தார். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. "இட்லி இருக்கு, வாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா முன்னால் இறங்கிப் போனார்.

பிறகு நாங்கள் திருச்சிக்கு மாறிவிட்டோம். போன வருடம் ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போனபோது அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு முன்னால் முடி நரைத்திருந்தது. அண்ணன் கூடத்தில் போனை மாட்டி வைத்து ஏதோ பதிவுசெய்துகொண்டிருந்தார். நானும் அக்காவும் அடுப்படியில் இருந்தோம். காபி கொதித்துக்கொண்டிருந்தது.

"நண்பர்களே, இந்த லூரை செஞ்சது என் அன்பு மனைவி, என் வீட்டு மகாராணி..." என்று அண்ணன் குரல் கேட்டது.

அக்கா அடுப்பை அணைத்தார். கூடத்து வாசலில் போய் நின்றார்.

"நிறுத்துங்க."

"என்னம்மா? உன்னைத்தானே சொல்றேன்?"

"மகாராணி எதுக்குங்க? ஆசாரி கதவு செஞ்சா மகாராஜா செஞ்சாருன்னா சொல்லுவீங்க? பேரைச் சொல்லுங்க. செஞ்சதுன்னு சொல்லுங்க. போதும்."

"அன்பு மனைவியாவது இருக்கட்டும்மா."

"அது உங்களுக்கும் எனக்கும். அவங்களுக்கு எதுக்கு? மறுபடி எடுங்க."

அண்ணன் மறுபடி எடுத்தார். பழக்கதோஷத்தில் அன்பு வந்துவிட்டது. மறுபடி. இந்தமுறை "நம்ம" என்று தொடங்கிவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டார். அக்கா இடுப்பில் கைவைத்து அங்கேயே நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் அண்ணன் தொண்டையைச் செருமி, மீனைக் கேமராவுக்கு நேரே பிடித்து, கடைப்பலகையை வாசிப்பதுபோல அக்காவின் பெயரைச் சொன்னார். செஞ்சது என்றார். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

அக்கா ஒருமுறை தலையை அசைத்துவிட்டு, காபியைச் சூடுபண்ண உள்ளே வந்தார்.